கறுப்பு வெள்ளையில் ஒரு பச்சை வீரன்: சௌராஸ்தா மாடியில் வாங்கிய இரண்டு புத்தகங்கள்

இரண்டு புத்தகங்களையும் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கினேன். இரண்டும் ஐரோப்பாவின் இடைக்காலப் படக் கையெழுத்துப் பிரதிகளைப் பற்றியவை. ஒன்று 120 ரிங்கிட். வண்ணப் படங்கள், வழவழப்பான தாள், தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும் கனம். மற்றது 35 ரிங்கிட். கறுப்பு வெள்ளை, முதுகு பிய்ந்தது, உள்ளே யாரோ தேநீர்க் கோப்பை வைத்த வட்டக் கறை. மூன்று வாரம் கழித்து 120 ரிங்கிட் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். 35 ரிங்கிட் புத்தகம் என் கட்டில் பக்கத்திலேயே கிடக்கிறது.

முதலில் கடையைப் பற்றி. பினாங்கு ரோட்டில் இருக்கும் சௌராஸ்தா சந்தையைத் தெரியாதவர்கள் பினாங்கில் இருக்க முடியாது. கீழே மீனும் காய்கறியும், முகப்பில் ஜாதிக்காய் ஊறுகாய், மாடியில் பழைய புத்தகங்கள். பள்ளிக்கூடக் காலத்தில் பாடப் புத்தகம் வாங்கப் போனவர்கள்தான் நம்மில் பலர். நான் சொல்லும் கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு. ஆனால் அது புத்தக அடுக்குக்குப் பின்னால் மறைந்துவிட்டதால் பெயர் எனக்குத் தெரியாது. கடைக்காரரை எல்லாரும் பாய் என்றே கூப்பிடுகிறார்கள். விலையைப் பென்சிலால் உள் அட்டையில் எழுதி வைத்திருப்பார். பேரம் பேசினால் முகம் சுளிக்க மாட்டார், இறங்கவும் மாட்டார். உட்கார்ந்து பார்க்க ஒரு பிளாஸ்டிக் முக்காலி தருகிறார். வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தால் பாதி விலை, அதற்கு வேறு புத்தகம் எடுத்துக்கொண்டால் முக்கால் விலை. இந்தக் காலத்தில் இதைவிட நியாயமான கணக்கு எங்கே கிடைக்கும்?

குறை ஒன்றுதான். புத்தகங்களை மூச்சுவிட இடமில்லாமல் இறுக்கி அடுக்கியிருக்கிறார். அடியில் இருப்பதை உருவினால் முதுகு கையோடு வந்துவிடும். என் 35 ரிங்கிட் புத்தகத்தின் முதுகு முன்பே பிய்ந்திருந்ததா, நான் உருவும்போது பிய்ந்ததா என்பதை நானும் பாயும் பேசித் தீர்த்துக்கொண்டோம். அதற்குமேல் கேட்காதீர்கள்.

இனி நான் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் என் கோபம் உங்களுக்கு விளங்காது. கோலாலம்பூரில் ஒரு தமிழ் வார இதழில் முப்பத்தோரு ஆண்டுகள் பக்கம் ஒட்டியவள் நான். எழுத்துப் பத்திகளைக் கத்தரித்து, படத்துக்கு இடம் விட்டு, ரப்பர் பசை தடவி ஒட்டி, மெய்ப்பு பார்த்து, அச்சுக்கு அனுப்புவது என் வேலை. தொடர்கதைப் பக்கத்தில் படம் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு நான் போட்ட சண்டைகளை எண்ணினால் ஒரு பாரம் நிரம்பும். கணினி வந்து என் கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டது. மகளோடு பட்டர்வொர்த்துக்கு வந்துவிட்டேன். படமும் எழுத்தும் ஒரே பக்கத்தில் இருக்கும் எதைப் பார்த்தாலும் கை இன்னும் பசையைத் தேடுகிறது.

வண்ணப் புத்தகம் பிரான்சின் அஞ்சூ பகுதிக்குக் கோமகனாக இருந்த ரெனே மன்னர் 1457இல் எழுதிய காதல் கதையைப் பற்றியது. கதை இதுதான். மன்னர் தூங்குகிறார். காதல் தேவன் வந்து அவருடைய நெஞ்சை எடுத்து ஆசையின் கையில் கொடுக்கிறான். நெஞ்சு ஒரு வீரனாகி, கவசம் அணிந்து, ஆசையைத் துணையாகக் கூட்டிக்கொண்டு காதலியைத் தேடிப் புறப்படுகிறது. நமக்கு இது புதிதல்ல. நெஞ்சைத் தனி ஆளாக நிறுத்திப் பேசுவதும் ஊடுவதும் தூது அனுப்புவதும் நம்மவர்களுக்குப் பழைய பழக்கம். குறளில் ‘நெஞ்சொடு கிளத்தல்’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. ஆனால் நெஞ்சுக்குக் குதிரையும் ஈட்டியும் கொடுத்து, தலைக்கவசத்தில் சிறகும் வைத்துப் படம் எழுத நம்மில் யாருக்கும் தோன்றவில்லை. ஓலையில் எழுத்தாணியால் கீறுகிறவனுக்கு வண்ணத்துக்கு எங்கே இடம்?

இந்தக் கதையின் புகழ்பெற்ற கையெழுத்துப் பிரதி வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கிறது. அதில் 16 படங்கள். தீட்டியவர் பார்த்தெலெமி தெய்க் என்ற ஓவியர் என்பது அறிஞர்களின் முடிவு. அந்த 16 படங்களும் நான் வாங்கிய புத்தகத்தில் இருக்கின்றன. அச்சு அருமை. தங்கம் தங்கமாகவே விழுந்திருக்கிறது.

ஊற்றங்கரைப் படத்தை மட்டும் சொல்கிறேன். இரவில் நெஞ்சும் ஆசையும் ஓர் ஊற்றுக்கு வந்து சேர்கிறார்கள். இருட்டு. தாகத்தில் நெஞ்சு தண்ணீரை அள்ளிக் குடித்துவிட்டு, மிச்சத்தைப் பக்கத்தில் இருந்த கல்லின்மேல் கொட்டிவிடுகிறது. உடனே இடி, மழை, புயல். மரத்தடியில் ஒதுங்கி இரவைக் கழிக்கிறார்கள். பொழுது விடிந்த பிறகுதான் கல்லில் எழுத்து இருப்பது தெரிகிறது. இது ஊழின் ஊற்று, குடித்தவனுக்குத் துன்பம் வரும் என்று எச்சரிக்கை. ஓவியர் இரவையும் வரையவில்லை, இடியையும் வரையவில்லை. விடியலை வரைந்திருக்கிறார். அடிவானத்தில் சூரியன் எழுகிறது. புல்லின்மேல் நிழல்கள் நீளமாகப் படுத்திருக்கின்றன. ஆசை இன்னும் தூங்குகிறான். குதிரைகள் ஒரு பக்கம் நிற்கின்றன. நெஞ்சு கருங்கல்லின் முன் நின்று, காலம் கடந்து, படித்துக்கொண்டிருக்கிறது. கல்லில் வரிவரியாக எழுத்து. படத்துக்குள் ஒருவன் படிக்கிறான், அந்தப் படத்தை வெளியே ஒருவர் படிக்கிறார். இப்படி ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்க ஓவியர் கதையை முழுக்க அறிந்திருக்க வேண்டும். மன்னரின் வீட்டிலேயே இருந்து வேலை செய்தவருக்கு அது வாய்த்தது.

சரி, குறை என்ன? மூலப் பிரதியில் இந்தப் படம் பக்கத்தின் மேல்பகுதியில் இருக்கிறது. கீழே கையெழுத்து ஓடுகிறது. புத்தகம் போட்டவர்கள் எழுத்தை வெட்டி எறிந்துவிட்டுப் படத்தை மட்டும் எடுத்துக் கறுப்புத் தாளின் நடுவில் நகைக்கடைச் சங்கிலி போல வைத்திருக்கிறார்கள். எதிர்ப்பக்கத்தில் ஒரு கதைச் சுருக்கம். படத்துக்கு முந்தைய வரி எது? பிந்தைய வரி எது? வாசகர் இடியைப் படித்து முடித்துவிட்டு இந்த விடியலுக்கு வந்தாரா, விடியலைப் பார்த்துவிட்டு இடியைப் படித்தாரா? பக்கம் ஒட்டியவளுக்கு இதுதான் முதல் கேள்வி. 120 ரிங்கிட் கொடுத்தும் பதில் இல்லை.

இன்னொன்று. அந்தப் பிரதியில் படத்துக்கென்று விட்டு, கடைசிவரை வரையப்படாமலே போன வெற்றிடங்கள் பல உண்டு. முன்னுரையில் ஒரு வாக்கியத்தில் அதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஒரு வெற்றிடத்தையாவது அச்சிட்டிருக்கக் கூடாதா? படத்துக்கான அச்சு பிளாக் வந்து சேராமல் பக்கத்தில் பெட்டி காலியாக நிற்கும்போது வயிற்றில் ஒரு கலக்கம் வருமே, அதை அனுபவித்தவர்களுக்கு அந்த வெற்றிடம் எந்தத் தங்கத்தையும்விடப் பெரியது.

இங்கே என் இதழில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தோட்டத்து வாழ்க்கையைப் பற்றி ஒரு தொடர்கதை. ஓவியருக்கு முழு அத்தியாயம் போகாது. எழுதுகிறவரே கடைசி நிமிடத்தில்தான் கொடுப்பார். அதனால் துணையாசிரியர் ஒரு துண்டுச் சீட்டில் இரண்டு வரி எழுதி அனுப்புவார். அந்த வாரச் சீட்டில் இருந்தது: ‘பெண், நாற்பது வயது, கையில் கத்தி, விடியற்காலை.’ கதையில் அவள் பால்மரம் வெட்டப் போகிற தாய். ஓவியர் பட்டணத்துப் பிள்ளை, தோட்டத்தை எட்டிப் பார்த்ததில்லை. நுனி வளைந்த பால்வெட்டுக் கத்தி அவருக்கு எப்படித் தெரியும்? தலைவிரி கோலமாக ஒரு பெண், உயர்த்திய கையில் பளபளக்கும் குத்துவாள், பின்னால் வெளுக்கும் வானம். மாற்ற நேரமில்லை. அப்படியே ஒட்டினேன். மறுவாரம் வாசகர் கடிதங்கள் குவிந்தன. யாரைக் குத்தப் போகிறாள் என்று எல்லாரும் கேட்டிருந்தார்கள். எழுத்தாளர் பத்து நாள் எங்களோடு பேசவில்லை. ஆனால் ஆறாவது அத்தியாயத்தில் கங்காணியின் கையில் ஒரு வெட்டுக் காயம் வந்தது. அது முதலில் போட்ட திட்டத்தில் இல்லை என்பது எனக்கும் துணையாசிரியருக்கும் மட்டும் தெரியும்.

இடைக்காலத்துக் காதல் காவியப் பிரதிகளும் பெரும்பாலும் இப்படித்தான் உருவாயின என்பதை வண்ணப் புத்தகத்தின் முன்னுரையில்தான் படித்தேன்; அந்த நன்றி அதற்கு உண்டு. எழுதுகிறவர் முதலில் எழுத்தை முடிப்பார், படத்துக்கு இடம் விட்டுவிடுவார். சிவப்பு மையில் தலைப்பு எழுதுவது தனி வேலை. ஓவியருக்கு ஓரத்தில் மெல்லிய எழுத்தில் ஒரு குறிப்பு: இங்கே அரசன், இங்கே இரண்டு வீரர்கள் சண்டை. வேலை முடிந்ததும் அதை அழித்துவிடுவார்கள், அல்லது புத்தகம் கட்டுகிறவர் ஓரத்தை நறுக்கும்போது அது போய்விடும். சில இடங்களில் தப்பிக் கிடக்கிறது. அதாவது ஓவியர் படித்தது கதையை அல்ல, சீட்டை. படமும் எழுத்தும் முரண்படும் இடத்தில் ஓவியரைத் திட்டுவதற்கு முன்னால் சீட்டு எழுதியவரைத் தேட வேண்டும்.

பாரிஸில் 14ஆம் நூற்றாண்டில் ரிஷார், ழான் என்று ஒரு கணவன் மனைவி இந்தத் தொழிலில் இருந்திருக்கிறார்கள். மோன்பாஸ்தோன் குடும்பம். ரோஜாவைத் தேடிப் போகும் காதலனின் கனவைச் சொல்லும் பிரெஞ்சுக் காவியம் அந்தக் காலத்தில் எல்லாரும் கேட்டு வாங்கிய சரக்கு. இன்றும் முந்நூறு பிரதிகள் அளவில் மிஞ்சியிருக்கின்றன. இவர்கள் கைப்பட்ட ஒரு பிரதியின் கீழ் ஓரத்தில் ஓர் ஆணும் பெண்ணும் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். பின்னால் தாள்கள் கொடியில் துணி போலக் காய்கின்றன. கணவர் மறைந்த பிறகு 1353இல் ழான் பல்கலைக்கழகத்தின் முன் உறுதிமொழி கொடுத்துத் தொழிலைத் தன் பெயரிலேயே நடத்தியிருக்கிறார். அந்த அம்மாளைச் சந்திக்க முடிந்தால் பசை காயாமல் வைத்திருப்பது எப்படி என்று கேட்பேன்.

அதே ரோஜாக் காவியத்தில் ஓவியர்களை மாட்டிவிடும் ஓர் இடம் உண்டு. தோட்டத்துச் சுவரின் வெளிப்பக்கம் பத்து உருவங்கள்: பகை, பொறாமை, முதுமை, வறுமை என்று. எழுத்து அவற்றைச் சுவரில் தீட்டிய படங்கள் என்கிறது. ஓவியர் என்ன செய்வார்? படத்துக்குள் படமாக வரைந்தால் வெறும் சுவர்தான் தெரியும். உயிருள்ள பெண்களாக வரைந்தால் எழுத்துக்குத் துரோகம். நிறையப் பேர் துரோகத்தையே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் ஒட்டியிருப்பேன்.

இப்போது 35 ரிங்கிட் புத்தகம். இது ராபர்ட் காட்டன் என்பவர் சேர்த்த, காட்டன் தொகுப்பு என்று பெயர்பெற்ற சேகரிப்பில் இருந்த ஓர் ஆங்கிலக் கையெழுத்துப் பிரதியின் முழு நகல். 1400ஐ ஒட்டிய காலத்தது. நான்கு கவிதைகள், 12 படங்கள். கடைசிக் கவிதைதான் ஆர்தர் மன்னரின் அவையைச் சேர்ந்த கவெய்ன் என்ற வீரனும், உடலெல்லாம் பச்சையான பச்சை வீரனும் வரும் கதை. உலகத்திலேயே இந்தக் கதைக்கு இந்த ஒரு பிரதிதான். 1731இல் லண்டனில் அந்தச் சேகரிப்பு இருந்த வீடு தீப்பிடித்தபோது தப்பியது. தப்பாமல் போயிருந்தால் அப்படி ஒரு கதை இருந்ததே நமக்குத் தெரிந்திருக்காது.

நகல் கறுப்பு வெள்ளை. பச்சை வீரனைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டிருக்கிறார்கள் என்று நான் சிரித்தபோது பாய், “பச்சை என்று எழுதியிருக்கிறார்கள் அல்லவா அக்கா, நீங்கள் நினைத்துக்கொள்ளக் கூடாதா?” என்றார். அப்போது அதை வியாபாரப் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஆனால் இந்த நகலில் எதையும் வெட்டவில்லை. கறை, கிழிசல், ஓரம், காலி இடம் எல்லாம் அப்படியே. அதனால் நான் கேட்ட கேள்விகளுக்கு இது பதில் சொல்கிறது. கவெய்ன் கதைக்கு நான்கு படங்கள். முதல் படம் கதை தொடங்கும் முன்னால்: பச்சை வீரன் வெட்டுப்பட்ட தன் தலையைத் தானே கையில் ஏந்திக் குதிரைமேல் இருக்கிறான். மற்ற மூன்றும் கதை முழுக்க முடிந்த பிறகு, வரிசையாகப் பின்னால். படுக்கையறை, பச்சைக் கோயில், அரசவைக்குத் திரும்புதல். நடுவில் ஒன்றுகூட இல்லை. எழுதியவர் இடம் விடவில்லை; எழுத்து முடிந்த பிறகு யாரோ ஒருவர், கிடைத்த காலிப் பக்கத்தில் சேர்த்திருக்கிறார் என்பதே பெரும்பாலோர் கருத்து. அப்படியானால் வாசகர் வழியில் படம் எதிர்ப்படாமலே கதையைக் கடந்து, கடைசியில் மூன்று படங்களால் பழையதை நினைத்துப் பார்த்திருப்பார். வெட்டி எடுத்துக் கறுப்புத் தாளில் வைத்தால் இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

படுக்கையறைப் படத்தில் நான் ஒரு மாலை முழுக்கச் செலவழித்தேன். கதையில் கவெய்ன் தூங்கவில்லை. கதவுச் சத்தம் கேட்டுத் திரைச்சீலையின் ஓரத்தை விலக்கிப் பார்க்கிறான். தான் விருந்தாளியாகத் தங்கியிருக்கும் வீட்டுக்காரனின் மனைவி வருகிறாள் என்று தெரிந்ததும் வெட்கத்தில் தூங்குவது போல நடிக்கிறான். அவள் கட்டிலில் உட்கார்ந்து, அவன் விழிக்கட்டும் என்று காத்திருக்கிறாள். பாசாங்கும் பாசாங்கும் மோதும் இடம் அது. படத்தில் அவன் கண்மூடிப் படுத்திருக்கிறான்; அவள் நின்றுகொண்டு அவன் முகவாயைத் தொடுகிறாள். தொடுவது எழுத்தில் இல்லை. நடிப்பைப் படத்தில் எப்படிக் காட்டுவது? மூடிய கண்ணும் நடிக்கும் கண்ணும் கோட்டில் ஒன்றுதான். அதனால் நடிப்பு போய்த் தொடுகை வந்துவிட்டது. இதற்கும் மேலே ஒரு வேடிக்கை. படத்தின் தலைமாட்டில் இரண்டு வரி எழுதியிருக்கிறது: ஒரு காலத்தில் கல் போல உறுதியாக இருந்த ஒருத்தியை நினைத்து மனம் வாடுகிறது என்ற பொருளில். இந்தக் கதையில் அப்படி யாரும் புலம்புவதில்லை! கவிதை ஒன்று சொல்கிறது, படம் ஒன்று சொல்கிறது, தலைமாட்டு வரி மூன்றாவது கதைக்குப் போகிறது. என் இதழில் இப்படி ஒரு பட விளக்கம் தவறிப்போய் விழுந்திருந்தால் மறுநாளே சம்பளத்தில் பிடித்திருப்பார்கள்.

ஓவியம் கரடுமுரடுதான். கைகள் அகப்பை போல இருக்கின்றன. வியன்னாப் பிரதியின் பக்கத்தில் வைத்தால் பள்ளிக்கூடப் பிள்ளையின் வரைபடம். இருந்தாலும் நான் திரும்பத் திரும்பப் புரட்டுவது இதைத்தான்.

காசு செலவழிக்க விரும்பாதவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகம் தன்னிடம் இருக்கும் அலெக்சாந்தர் காவியப் பிரதியை இணையத்தில் பக்கம் பக்கமாக, ஓரங்களோடு இலவசமாகக் காட்டுகிறது. பேத்தியின் டேப்லெட்டில் பார்த்தேன். அதில் எழுத்து முடிந்த நாள் 1338 டிசம்பர் 18, படம் முடிந்த நாள் 1344 ஏப்ரல் 18 என்று இரண்டையும் குறித்திருக்கிறார்கள். ஐந்து ஆண்டு நான்கு மாதம்! எங்கள் ஓவியர் இரண்டு நாள் தாமதித்தால் கட்டடமே அதிரும். கீழ் ஓரங்களில் அலெக்சாந்தருக்குச் சம்பந்தமே இல்லாத பொம்மலாட்டம், விளையாட்டு, விலங்குத் தலை மாட்டிக்கொண்டு ஆட்டம். 1400ஐ ஒட்டி ஒருவர் இந்தப் பிரதியில் ஓர் இடத்தில் கதை விட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து, மிச்சம் பின்னால் இருக்கிறது பார் என்று குறிப்பெழுதி, ஆங்கிலத்தில் ஒரு பகுதியைக் கடைசியில் சேர்த்துவிட்டார். அந்தப் பகுதி இந்தியப் பிராமணர்களின் அரசன் திந்திமஸும் அலெக்சாந்தரும் எழுதிக்கொண்ட கடிதங்கள். அதே புத்தகக் கட்டில் மார்க்கோ போலோவின் பயணமும் இருக்கிறது. நம் பாண்டிய நாட்டு முத்துக்குளிப்பைச் சொன்னாரே, அவர்தான். திரையில் பக்கத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பது வசதி. கண் எரிகிறது என்பது என் வயது.

மூன்று வாரம் கழித்து வண்ணப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு படகேறி, சௌராஸ்தா மாடிக்குப் போனேன். பாய் காரணம் கேட்கவில்லை. பக்கம் ஏதும் கசங்கியிருக்கிறதா என்று புரட்டிக்கொண்டே வந்தவர் ஊற்றங்கரைப் படத்தில் நின்றுவிட்டார்.

“இந்தக் கல்லில் என்ன எழுதியிருக்கிறது அக்கா?”

சொன்னேன். இருட்டில் குடித்ததையும், கல்லின்மேல் கொட்டியதையும், விடிந்த பிறகு படித்ததையும்.

“கேட்டீர்களா, இந்த ஆள் தண்ணீரைக் குடித்துவிட்டு அப்புறம் போர்டைப் படிக்கிறான்” என்று பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் சிரித்தார்கள். 60 ரிங்கிட் எண்ணிக் கொடுத்தார். புத்தகத்தை அடுக்கில் திணிக்காமல் கல்லாவுக்குப் பக்கத்தில் படுக்கவைத்து, மேலே தன் கண்ணாடிக் கூட்டை வைத்துக்கொண்டார். வேண்டுபவர்கள் அவரிடமே கேளுங்கள். கொடுப்பாரா என்பது சந்தேகம்.